கடைத்தெரு கட்டிய வீடு

மகனே,

இந்த முறை சுகம் விசாரித்து எழுத எனக்குப் பொறுமை இல்லை. நீ சுகமாகத்தான் இருப்பாய். கொழும்பில் வேளைக்குச் சாப்பாடும் சாயங்காலம் கடற்காற்றும் கிடைக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். எனக்குத்தான் உட்கார்ந்தால் எழுந்திருக்க வேண்டும் போலவும், எழுந்தால் எங்கே போவது என்று தெரியாமலும் இருக்கிறது. நேற்று யாருடைய சட்டைக்கோ கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டு, பொழுதெல்லாம் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தேன். உன் கடிதம் வந்ததிலிருந்து இப்படித்தான். தலவாக்கலைப் பெண்வீட்டார் தை மாதமே கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டதாக எழுதியிருந்தாய். அது நல்ல சேதி. அதற்குக் கீழே எழுதியிருந்தாயே, அதுதான் என்னை இப்படி ஆக்கிவிட்டது. சரசுவின் அப்பா முசிறி வீட்டைப் பற்றி விவரமாகக் கேட்டாராம். எத்தனை அறை, கோடையிலும் கிணற்றில் தண்ணீர் நிற்குமா, ஒரு குடும்பம் கூடுதலாக வந்தால் இடம் போதுமா என்றெல்லாம் கேட்டாராம். உனக்குத் தெரிந்ததைச் சொன்னாயாம், மிச்சத்தை நான் எழுத வேண்டுமாம்.

எழுதுகிறேன். முசிறியில் நமக்கு வீடு இல்லை. கிணறும் இல்லை, மாடியும் இல்லை, உன் அப்பா சொல்வாரே அந்த வாசல் வேம்பு, அதுவும் இல்லை. உன் அப்பாவின் அப்பா பல் முளைத்த கையோடு யாருடைய இடுப்பிலோ உட்கார்ந்து கங்காணியின் பின்னால் கடல் கடந்து வந்தவர். திரும்பிப் போகவே இல்லை. உன் அப்பா இந்தப் பொகவந்தலாவைக்கு மேலே உள்ள தோட்டத்தில், கூலியாட்களுக்குக் கட்டிய லயத்தில், ஒற்றைக் காம்பராவில் பிறந்தார். நான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தேன். அந்த மனிதர் தன் வாழ்நாளில் கடலைக்கூடப் பார்த்ததில்லை. உனக்கு இது அதிர்ச்சியாக இருக்கும் என்று தெரியும். ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி.

உன் அப்பா பொய்யர் இல்லை. அதை முதலில் மனதில் வைத்துக்கொள். அவர் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. வீட்டைக் கட்டியது இந்தக் கடைத்தெரு. தோட்டத்தை விட்டு இறங்கி நாங்கள் இங்கே வந்தபோது, சுதந்திரம் கிடைத்துவிட்டது என்று பஜாரில் கொடி கட்டியிருந்தார்கள், அந்தக் கொடி வெளுப்பதற்குள் நமக்கு இந்த நாட்டில் ஓட்டும் இல்லை, உரிமையும் இல்லை என்று சட்டம் வந்துவிட்டது. அதைப் புரிந்துகொள்ளக்கூட எங்களுக்கு நேரமில்லை. முஸ்லிம் நானாவின் புடவைக்கடை விறாந்தையில் தையல் மெஷினைப் போட்டுக்கொள்ள இடம் கிடைத்ததே பெரிய விஷயம். நானா துணி கிழித்துக் கொடுப்பார், உன் அப்பா தைப்பார், நான் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்து பொத்தான் கட்டுவேன். நீ துணிக்கட்டு மேல் தூங்குவாய். மழைக்காலத்தில் சாரல் அடித்து மெஷின் நனையாமல் இருக்க ஒரு சாக்கைத் தொங்கவிட்டிருந்தோம். அந்தச் சாக்குக்குப் பின்னால் இருந்து தெரு முழுவதும் எனக்குத் தெரியும், தெருவுக்கு என்னைத் தெரியாது.

எதிரே பேக்கரி. இப்போது இருப்பவர் இல்லை, அவருடைய மாமனார், பெரிய தொப்பைக்காரச் சிங்கள முதலாளி. நல்ல மனிதர். உனக்கு முதலை மாதிரி நீண்ட கிம்புலா பனிஸ் கொடுத்து வயிற்றைக் கெடுத்தவர் அவர்தான். புதிதாக யாரைப் பார்த்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "கம கொஹெத?" உங்கள் ஊர் எது என்று. அவர்கள் வழக்கம் அது. ஊர் தெரிந்தால்தான் ஆளைத் தெரியும். உன் அப்பா பொகவந்தலாவை என்றார். முதலாளி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அது தேயிலையின் ஊர், உன்னுடையது எது என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் உன் அப்பா பாண் ரொட்டியை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது அவர் முகத்தை நான் பார்த்தேன். உட்கார்ந்து மெஷினை மிதித்தார். துணியே இல்லாமல் மிதித்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் காலை தெருவைக் கடந்து போய், தானாகவே சொன்னார், ஊர் முசிறி, அங்கே நமக்கு ஒரு வீடு இருக்கிறது என்று. அவ்வளவுதான் அவர் சொன்னது.

மற்றதெல்லாம் சிரிப்பில் வந்தது. எல்லாரும் பிள்ளை என்று கூப்பிடும் மளிகைக்கடைக்காரருக்கு இந்தியாவில் உண்மையாகவே வீடு இருந்தது, வருஷம் விட்டு வருஷம் போய் வருவார். "முசிறியா? காவேரிக்கரையாச்சே, அப்ப வயலும் இருக்கணுமே" என்றார். உன் அப்பா சிரித்தார். அன்றே வயல் வந்துவிட்டது. சலூன்காரர் கத்தரியை ஆட்டிக்கொண்டே, காவேரிக்கரை என்றால் வெள்ளம் வருமே, மாடி இல்லாமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டார். உன் அப்பா மறுபடியும் சிரித்தார். மாடி வந்தது. கிணற்றை வெட்டியது நானா. வேப்பமரத்தை யார் நட்டார்கள் என்று எனக்கே தெரியாது. சில நாள் நான் எரிச்சலில் கேட்பேன், இன்றைக்கு வீட்டுக்கு வெள்ளை அடித்தாயிற்றா என்று. அவர் ஊசியை வாயில் கடித்துக்கொண்டு, அதை எடுக்காமலே சிரிப்பார். எனக்கும் சிரிப்பு வந்துவிடும். அதுதான் தப்பு என்று இப்போது தெரிகிறது. வீட்டுக்காரரின் பெருமைப் பேச்சைச் சகித்துக்கொள்வது அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் தெருவுக்கு ஒரு பழக்கம் உண்டு, உனக்குத் தெரிந்திருக்கும். பெண்வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வந்தால் எந்தக் கடைக்காரரும் தன் தெரு ஆளை விட்டுக்கொடுக்க மாட்டார். சலூனில் வேலை செய்தானே ஒருவன், சனிக்கிழமை என்றால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பான். அவனைப் பற்றி விசாரிக்க நோர்வூட்டிலிருந்து ஆள் வந்தபோது, அவன் தேத்தண்ணிகூடக் குடிக்க மாட்டானே என்று பிள்ளை முதல் பேக்கரி வரை ஒரே குரலில் சொன்னார்கள். கல்யாணமும் நடந்தது. வேடிக்கை என்னவென்றால், கல்யாணத்துக்குப் பிறகு அவன் உண்மையிலேயே குடியை விட்டுவிட்டான். அதிலிருந்து தெருவுக்குத் திமிர் பிடித்துவிட்டது. தாங்கள் நல்லது சொன்னால் அது நடந்துவிடும் என்று நம்ப ஆரம்பித்தார்கள்.

நீ அட்டனில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த அதிகாரி வந்தார். பிரஜாவுரிமை கேட்டு நாம் போட்ட மனுவைப் பற்றி விசாரிக்க வந்தவர். இந்த நாட்டிலேயே இருக்கிறோம், இங்கேயே இருப்போம் என்று காட்ட வேண்டும். அதுதான் வேண்டியது, வேறொன்றும் இல்லை. நல்ல மரியாதையான மனிதர், மழையில் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, பியோன் குடை பிடிக்க, கடைகடையாக ஏறி இறங்கினார். டைலர் எப்படிப்பட்டவர், அவருக்கு எங்கே என்ன இருக்கிறது என்று கேட்டார். தெருவுக்கு அந்தக் கேள்வி நன்றாகப் பழக்கமான கேள்வி. பெண்வீட்டார் கேட்பதும் அதேதானே. பேக்கரியில் சொன்னார்கள், சலூனில் சொன்னார்கள். பிள்ளை வயலின் அளவைக்கூடச் சொன்னாராம். கடைசியில் நானாவின் கடைக்கு வந்தார்கள். நான் சாக்குக்குப் பின்னால் இருந்தேன்.

நானா ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். "நம்ம டைலரு சும்மா ஆளில்ல சேர். முசிறியில மாடிவீடு, கிணறு, வயலு எல்லாம் இருக்கு. நெனச்சா நாளைக்கே போயிருவாரு. எங்க மேல உள்ள பிரியத்துலதான் இங்க இருக்காரு."

அதிகாரி எழுதிக்கொண்டார். நான் உன் அப்பாவைப் பார்த்தேன். கழுத்தில் அளவு நாடாவோடு நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். மகனே, அவர் சந்தோஷமாக இருந்தார். தோட்டத்தில் துரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் முன்னால் குனிந்தே வளர்ந்த மனிதர், ஒரு அரசாங்க அதிகாரியின் முன்னால் தன்னைப் பற்றி இவ்வளவு பெரிதாகப் பேசப்படுவதைக் கேட்டு நெஞ்சு நிறைந்து நின்றார். அந்த நேரத்தில் அவருக்கும் எது எங்கே போய் முடியும் என்று தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. பிறகு ஒரு நாள் பதில் வந்தது. மனுதாரருக்கு இந்தியாவில் நிலையான குடியிருப்பு இருப்பதால் மனு தள்ளப்பட்டது. அதை உன் அப்பா மெஷின் மேல் வைத்து, கையால் நீவி, சுருக்கம் எடுத்தார். பிறகு அன்றைய தையலை முடித்தார்.

அதற்குப் பிறகாவது உண்மையைச் சொல்லி மேல்முறையீடு செய்திருக்கலாமே என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன். தெருவில் இருக்கிற அத்தனை பேரையும் பொய்யர் ஆக்க வேண்டுமா என்று கேட்டார். "எனக்காகச் சொன்னவங்கள நானே காட்டிக் குடுக்கவா?" என்றார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இரண்டு நாள் சோறு வடிக்காமல் கிடந்தேன். ஆனால் அதற்கப்புறம்தான் அவர் அந்த வீட்டைப் பற்றி அதிகம் பேச ஆரம்பித்தார். முன்பெல்லாம் சிரித்து வைத்தவர், இப்போது தானாகவே சொன்னார். இங்கே இருக்க இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள், அங்கேயாவது ஒன்று இருக்க வேண்டாமா? நீ லீவுக்கு வரும்போதெல்லாம் கேட்ட கதைகள் அந்தக் காலத்துக் கதைகள். நீ கண்ணை அகல விரித்துக் கேட்டாய். அதைப் பார்த்து நான் வாயை மூடிக்கொண்டேன்.

பிள்ளையின் கடைப் பெயர்ப்பலகையை இறக்கிய நாள் உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. அவருடைய விசாவைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். உண்மையாகவே வீடும் வயலும் உள்ள மனிதர், போவதற்கு எல்லா வசதியும் உள்ளவர், நம் விறாந்தையில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அங்கே அவரை யாருக்கும் தெரியாதாம். போனால் சிலோன்காரன் என்பார்களாம். உன் அப்பா அவருக்குத் தைரியம் சொன்னார், நானும் பின்னால் வந்துவிடுவேன், காவேரிக்கரையில் சந்திப்போம் என்று. சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சமும் பொய் இல்லை. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. மூச்சிரைப்பு முற்றிப் படுக்கையில் கிடந்த கடைசி நாட்களில், ஓடு மாற்ற வேண்டும் என்று என்னிடமே சொன்னார். சரி, மாற்றிவிடலாம் என்றேன். சாகப்போகிறவரோடு நான் என்ன வழக்காட முடியும்?

இப்போது உன் கதைக்கு வருகிறேன். ஆவணியில் சரசுவின் அப்பா உன்னைப் பற்றி விசாரிக்க இந்தத் தெருவுக்கு வந்திருக்கிறார். நான் நூல் வாங்க அட்டனுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது நானா வாசலிலேயே நின்று, "எல்லாம் சொல்லிட்டேன் தங்கச்சி, ஒரு குறையும் வைக்கல" என்றார். எனக்கு அப்போதே பக்கென்றது. ஆனாலும் அந்தச் சமயத்தில் அது வெறும் அலங்காரம்தான், கல்யாண வீட்டில் கட்டுகிற காகிதத் தோரணம் மாதிரி. ஐப்பசியில் இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து, நம்மில் இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பேசி முடித்த பிறகு, கதையே மாறிவிட்டது. தலவாக்கலைக்காரர்களுக்கும் இங்கே உரிமை கிடைக்கவில்லை. போகத்தான் வேண்டும் என்று ஆனதும் அவர்களுக்கு உன் படிப்பைவிட, உன் கொழும்பு வேலையைவிட, அந்த வீடு பெரிதாகத் தெரிந்திருக்கிறது. நீயும் அதை நம்பித்தான் அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு கப்பலேறலாம் என்று நினைக்கிறாய். எனக்கு இருப்புக்கொள்ளாமல் போனது இதனால்தான்.

இதுவரை எழுதிவிட்டு நேற்று எழுந்துவிட்டேன். கடிதம் உனக்கு வந்து, நீ யோசித்து, பதில் எழுதி, அதற்குள் அவர்கள் பத்திரிகை அடித்துவிடுவார்கள். நானே போய்ச் சொல்லிவிடுவது என்று புடவையை மாற்றினேன். நானாவிடம் சொல்லாமல் போகக்கூடாது என்று உள்ளே போய்ச் சொன்னேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். கல்யாணம் முடியட்டும், பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம், வீட்டில் ஏதோ வழக்கு இருக்கிறது என்று சொன்னால் போதும் என்றார். அவர் இன்னும் வீடு இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொன்னேன். ஆரம்பத்திலிருந்தே இல்லை நானா, ஒரு செங்கல்கூட இல்லை என்று.

அவர் மடித்த துணியை மறுபடி பிரித்தார். "அப்ப டைலருக்கு உரிமை இல்லாமப் போனது என் வாயாலயா தங்கச்சி?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். என் வாய்க்கு அது வரவில்லை. நீங்கள் நல்லது நினைத்துத்தான் சொன்னீர்கள், தெருவே சேர்ந்துதான் சொன்னது என்றேன். அவர் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நான் பஸ்ஸுக்குப் போகும்போது திரும்பிப் பார்த்தேன். பட்டப்பகலில், யாவாரம் நடக்கிற நேரத்தில், கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடைத்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் பெருநாளைக்குத் தவிர அந்தக் கடை மூடி நான் பார்த்ததில்லை.

நோர்வூட், அட்டன், அங்கிருந்து வேறு பஸ் பிடித்துத் தலவாக்கலை. வழி முழுவதும் மழை. என்ன சொல்வது, எதை முதலில் சொல்வது என்று ஒவ்வொரு வளைவிலும் மாற்றி மாற்றி யோசித்து, கடைசியில் எல்லாம் மறந்துபோய், அவர்கள் காம்பரா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன். வீடு இல்லை, என் மகனுக்கே இது தெரியாது, அவன் உங்களை ஏமாற்றவில்லை என்றேன். சரசுவின் அப்பா தொழிற்சாலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார், சட்டையெல்லாம் தேயிலைத் தூள். என்னை உட்காரச் சொல்லவும் மறந்து நின்றார். அவர் கத்தியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

"எங்களுக்கும் அங்க யாரும் இல்லம்மா," என்றார். "ஒங்க வீட்டுல ஒரு மூலையில நாங்களும் ஒதுங்கிக்கலாம்னுதான் நெனச்சிருந்தோம். கேக்கக் கூச்சமா இருந்துச்சு. அதான் எத்தன ரூம்புன்னு தம்பிகிட்ட கேட்டேன்."

பிறகு அவர் கல்யாணத்தை நிறுத்துகிறேன் என்றும் சொல்லவில்லை, நடத்துகிறேன் என்றும் சொல்லவில்லை. உங்கள் பையனுக்கு விஷயம் தெரியட்டும், தெரிந்த பிறகும் என் மகளைக் கட்டிக்கொள்ள நினைத்தால் ஞாயிற்றுக்கிழமை அவனே வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும் என்றார். நியாயமான பேச்சு. நீ போக வேண்டும். போகும்போது பெரிய பேச்சு எதையும் கொண்டுபோகாதே. கொழும்பில் இடம் பார்க்கிறேன், அங்கே போய்ச் சம்பாதித்துக் கட்டுகிறேன் என்றெல்லாம் அளக்காதே. கையில் இருப்பதைச் சொல், இல்லாததை இல்லை என்று சொல். அந்தப் பெண்ணிடம் எந்தக் காலத்திலும் இதைவிட்டு மாறாதே. அவள் உன் பேச்சைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தால், அதை நம்பாதே. நான் அப்படித்தான் இருந்தேன்.

நான் கிளம்பும்போது சரசு பஸ் நிற்கும் இடம் வரை குடை பிடித்துக்கொண்டு வந்தாள். அடுப்பங்கரையில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கோபமாக இருப்பாள் என்று நினைத்து நான் பாதையைப் பார்த்தே நடந்தேன். ரயில் பாதையைக் கடந்ததும், "அத்த, அங்க நமக்கு வீடே இல்லேன்னு சொல்லிட்டா, அனுப்ப மாட்டாங்கதானே?" என்றாள்.

குடைக்குள் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் சந்தோஷமாக இருந்தாள். வீடு இல்லை என்று நான் சொன்னதைக் கேட்டு அந்தக் குடும்பத்தில் சந்தோஷப்பட்டவள் அவள் ஒருத்திதான். பஸ் வந்தது, பதில் சொல்லாமல் ஏறிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ போனதும் அவள் அப்பாவிடம் பேசுவதற்கு முன்னால் அவளிடம் பேசு. வீடு இருக்கிறதா என்று கேட்டு யாரையும் கப்பலேற்றுவதில்லை என்று அவளுக்கு யாராவது சொல்ல வேண்டும். நீ சொல்.

அம்மா